மெதுவான சர்வீஸ் மட்டும்தான் குறையா?

ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு வந்தாலே, சர்வீஸில் இன்னும் கொஞ்சம் வேகம் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்ற ஆதங்கமும் கூடவே வந்துவிடும். 1979-இல் ஜூனியர் விம்பிள்டன், ஜூனியர் பிரெஞ்சு ஓபன் இரண்டையும் வென்றவர், 1993-இல் ஓய்வு பெறும்வரை கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் காலிறுதியைத் தாண்டவில்லை. உலகத் தரவரிசையில் 23-ஆம் இடமே அவர் தொட்ட உச்சம். இதைப் பார்த்தால் ஆதங்கம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அவருடைய பெரிய வெற்றிகள் எந்தத் தரையில், யாருக்கு எதிராக வந்தன என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

வேகமான சர்வீஸுக்கு அதிகப் பலன் தருவது புல்தரை. மெதுவான சர்வீஸ் அங்கேதான் முதலில் அடிவாங்க வேண்டும். ரமேஷோ 1986 விம்பிள்டனில் காலிறுதிவரை சென்று, அசுர சர்வீஸுக்குப் பேர்போன யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஷிவோயினோவிச்சிடம்தான் தோற்றார். மறு ஆண்டு டேவிஸ் கோப்பை அரையிறுதியில், சிட்னி புல்தரையில், ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட், வாலி மசூர் இருவரையும் வீழ்த்தி இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த நடப்புச் சாம்பியன் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார். ராக்கெட்டை அதிகம் பின்னுக்கு இழுக்காமல், பந்து எழும்பும்போதே சந்தித்துத் திருப்பிவிடுவது அவர் பாணி. அடுத்த அடிக்குத் தயாராக எதிராளிக்கு அவகாசமே இருக்காது. வலிமையால் பிறர் பெற்ற சாதகத்தை அவர் நேரத்தைப் பறித்துப் பெற்றார்.

அப்படியானால் பெரிய கோப்பை ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987 டேவிஸ் கோப்பை இறுதியில் ஸ்வீடன், தன் மண்ணில், களிமண் தரையில் இந்தியாவை 5-0 என வென்றது. அந்தத் தரை பந்தை மெதுவாக்கி, ரமேஷ் பறிக்கும் நேரத்தை எதிராளிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். சர்வீஸ் வேகம் கூடியிருந்தாலும் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது. அவர் ஆட்டத்துக்கு எல்லை இருந்தது உண்மை. அந்த எல்லையைச் சர்வீஸ் ஒன்றே வகுக்கவில்லை.

இன்றைய டென்னிஸில் வலிமை இல்லாமல் முடியாது என்பதும் சரியே. பயிற்சியாளர்கள் வேகத்தைக் கற்றுத்தரட்டும். ஆனால் பந்தின் போக்கை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்த சிறுவனை, சர்வீஸ் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினால், விலாண்டரை வென்ற ஆட்டத்தைத் தேர்வுக் கட்டத்திலேயே தொலைத்துவிடுவோம்.