கரும்பலகையில் எழுதிய பெயர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். உங்களில் இருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஆனி மாதம் நம் முன்னாள் மாணவர் சங்க மெயிலிலிருந்து ஐம்பது பேருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். நம் பள்ளிப் பெண் ஒருத்திக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்டப் பத்து நாள்தான் அவகாசம். பணம் பாதிதான் சேர்ந்தது. எப்போதும் முதல் ஆளாகக் கொடுக்கிற ஒருவனிடமிருந்து பதிலே இல்லை. "பெரிய வேலைக்குப் போனதும் மறந்துட்டான்" என்று வீட்டில் சொல்லிப் புலம்பினேன். எட்டாம் நாள் மனசு கேட்காமல் போன் செய்தேன். "சார், எனக்கு மெயிலே வரலையே!" என்றான். ஸ்பேம் பெட்டியில் தேடினான், அங்கேயும் இல்லை. அன்று மாலையே பணம் அனுப்பிவிட்டான்.

பிறகு பொருளாளர் தம்பி தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பதினெட்டுக் கடிதங்கள் வாசலிலேயே மறுக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் இருக்கிறது. அந்தக் குறிப்பை எங்களில் யாரும் படிக்கவே இல்லை.

நாம் என்ன தப்பு செய்தோம்? ஒன்றுமில்லை. செலவைக் குறைக்க, பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் இடம் வாங்கியிருந்தோம். ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம், எல்லோருக்கும் ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அந்தக் கதவு எண்ணுக்கு ஐபி எண் என்று பெயர். பக்கத்துக் குடித்தனக்காரர் குப்பை மெயில் அனுப்பினார், அதனால் எண்ணே பட்டியலில் ஏறிவிட்டது.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1978-இல் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று உலகில் போகிற மெயில்களில் ஏறத்தாழ பாதி குப்பை என்று கணிக்கிறார்கள். வங்கி பெயரில் வரும் போலிக் கடிதமும் அதில் அடக்கம். என்னைப் போன்ற பென்ஷன்காரர்களின் பணத்தைக் காப்பாற்றுவதில் இந்தப் பட்டியல்களுக்குப் பங்கு உண்டு. 1997-இல் பால் விக்ஸி என்பவர் இத்தகைய பட்டியலைத் தொடங்கினார். மறு வருடம் லண்டனில் ஸ்பேம்ஹாஸ் வந்தது. மெயில் வாசலுக்கு வந்ததும் பெறுகிற சர்வர், "இந்த எண் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கும். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிடும். உள்ளே விட்டுப் பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

வகுப்பில் நான் இல்லாதபோது லீடர் கரும்பலகையில் "பேசியவர்கள்" என்று பெயர் எழுதுவானே, அதேதான் இது. லீடர் எழுதுவான், தண்டனை கொடுப்பது வாத்தியார்.

அந்த லீடரை நம்பி நான் செய்த தப்பு ஒன்று உண்டு. 1987, எட்டாம் வகுப்பு பி பிரிவு. பலகையில் ஐந்து பெயர். மூன்றாவது பெயர், வாயே திறக்காத ஒரு பையனுடையது. விசாரிக்காமல் ஐந்து பேருக்கும் பிரம்படி கொடுத்தேன். இலந்தவடை தரவில்லை என்று லீடர் அவன் பெயரை எழுதினான் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஏன்டா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கல சார்" என்றான்.

பட்டியல்களிலும் இதெல்லாம் நடக்கிறது. சீக்கிரம் பெயரை எடுக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் பல சர்வர்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தன. 2008 மார்ச்சில் அது எந்த எண்ணைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கியது. அதை நம்பிய இடங்களில் நல்ல கடிதங்களும் திரும்பின. பள்ளியை விட்டுப் போன லீடரின் பேச்சைக் கேட்டு மொத்த வகுப்பையும் அடித்த கதை!

அதற்காகப் பட்டியல் போடுகிறவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பதும் தீர்வல்ல. ஒரு அமெரிக்க விளம்பர நிறுவனம் ஸ்பேம்ஹாஸ் மேல் வழக்குப் போட்டது. 2006-இல் 1.17 கோடி டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பானது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2011-இல் அது வெறும் 3 டாலராக முடிந்தது.

என் கருத்து இதுதான். பட்டியல் ஒரு சாட்சி மட்டுமே. பெயரைச் சேர்ப்பவர்கள் காரணம் சொல்ல வேண்டும், வெளியே வர இலவசமாக வழி தர வேண்டும். பயன்படுத்துகிறவர்கள் ஒரே பட்டியலை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. மறுத்தால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குறிப்பு வந்திருந்ததால்தான் நமக்கே காரணம் புரிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது மூன்று. திரும்பி வரும் மெயிலை அழிக்காமல் படியுங்கள். ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள், நல்ல கடிதம் கிடந்தால் "ஸ்பேம் அல்ல" என்று அழுத்துங்கள். முக்கியமான விஷயத்துக்குப் பதில் வரவில்லை என்றால், கோபப்படுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்.

அந்தப் பெண் இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறாள். சங்கத்துக்கும் வேறு சர்வர் மாற்றிவிட்டோம்.

வெளியூரில் இருக்கும் தம்பி, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு பி பிரிவுத் தம்பி, நீ இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் பண்ணு. இந்த முறை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்