பழைய வைக்கோற்கட்டு யந்திரம்: வாங்குமுன் நோக்க வேண்டியவை

கதிரைக் கையால் அரிந்து, உப்பட்டியாகப் போட்டு, சூடு வைத்து, மாட்டினால் மிதிப்பித்த காலத்தில் வைக்கோலைப் பற்றிக் கமக்காரர் தனியே கவலையுற்றதில்லை. நெல் வீட்டுக்கு வரும்போதே வைக்கோலும் களத்தின் ஒரு புறத்திற் போராக எழுந்துவிடும். இன்று நிலைமை அதுவன்று. பெரிய அறுவடை யந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் நெல்லைப் பிரித்துத் தந்துவிட்டு, வைக்கோலை வரிவரியாகச் சிந்திச் செல்கின்றது. அதனை வாரியெடுக்க ஆளில்லை. மழை பெய்தால் அழுகும், பெய்யாவிடின் தீயிடப்படும். பின்னர், ஆடி ஆவணியிற் புல் கருகியதும், அதே கமக்காரர் தம் பசுவுக்கு வைக்கோலை விலைகொடுத்து வாங்குகின்றார்.

ஆதலின் வைக்கோலை வாரிக் கட்டும் யந்திரத்தை நம்மவர் நாடத் தொடங்கியுள்ளனர். புதியது சிறு கமக்காரரின் கைக்கு எட்டுவதில்லை. பழையதைத் தேடுவோரே பலர். நகையை அடகு வைத்து வாங்கிய பொருள் முதற் போகத்திலேயே முடங்குமாயின் அக்குடும்பம் மீண்டெழுவது எளிதன்று. எனவே, வாங்குமுன் நோக்க வேண்டியவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

முதற்கண், யந்திரம் தேவைதானா என்று கணக்கிடல் வேண்டும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வைக்கோல் என்று கொண்டால், நான்கு பசுக்களுக்குக் கோடையின் 120 நாட்களுக்கு 2,400 கிலோகிராம் வேண்டும். ஓர் ஏக்கரில் விளையும் நெல்லின் நிறைக்கு ஏறக்குறைய ஒத்த அளவு வைக்கோலும் விளையும். அடிக்கட்டை வயலில் நின்றுவிடுமாதலால் அதிற் பாதியே கைக்கு வருமென்று வைத்துக்கொண்டாலும், மூன்று ஏக்கர் வயல் போதுமானது. மூன்று ஏக்கரை நல்ல யந்திரம் ஒரு நாளிற் கட்டி முடித்துவிடும். ஆண்டில் ஒரு நாள் வேலைக்காகக் கடன்படுவது அறிவுடைமையாகாது. அத்தகையோர் யந்திரத்தை வாடகைக்கு அழைப்பதே நன்று. அயல் வயல்களிலும் கூலிக்குக் கட்ட வாய்ப்புள்ளவரும், ஐந்தாறு பேர் கூட்டாகப் பணமிடக்கூடியவருமே வாங்குதற்குரியர்.

அடுத்து, நம்மிடமுள்ள உழவு யந்திரத்துக்கு அது பொருந்துமா என்று நோக்குக. இவ்வகை யந்திரங்களிற் பெரும்பாலானவை நாற்சில்லு உழவு யந்திரத்தின் பின்புறத்திலிருந்து சுழற்சியைக் கடத்தும் தண்டினால் இயங்குபவை. பட்டறையாளர் அதனைப் பீ.ரீ.ஓ. என்பர். இரு சில்லு லாண்ட்மாஸ்டர் மட்டும் உடையவர் இவற்றை வாங்கிப் பயனில்லை. சிறிய உருளைக்கட்டு யந்திரத்துக்கு 30 பரிவலு அளவான உழவு யந்திரம் போதும். சதுரக்கட்டு யந்திரம் பாரமானது. மேலும் வலு வேண்டுவது. 1960களில் வெளிவந்து இன்றும் ஓடும் மசி பெர்குசன் 135 போன்றவை அதனை இழுக்க வல்லவை. எனினும் ஈர வயலிற் சில்லுப் புதையும்.

இவ்விரு வகையுள் எது சிறந்தது? சதுரக்கட்டு அடுக்குவதற்கு வசதியானது. கொட்டிலில் இடம் மிச்சமாகும். ஆனால் அதில் கயிற்றை முடிச்சிடும் பகுதி மிக நுட்பமானது. ஊசி, கொக்கி, கத்தி ஆகிய மூன்றும் உரிய கணத்தில் ஒன்றையொன்று சந்தித்தல் வேண்டும். ஒன்று சிறிது தேய்ந்தாலும் முடிச்சு விழாது. உருளைக்கட்டு யந்திரத்திற் கயிறோ வலையோ சுற்றப்படுவதன்றி முடிச்சிடும் வேலையில்லை. ஆகவே பழுதுகளும் குறைவு. கட்டை ஒருவரே தூக்கலாம். ஊர்ப் பட்டறையை நம்பியிருக்கும் சிறு கமக்காரர் பழைய யந்திரம் வாங்குவதாயின் உருளை வகையையே தெரிவு செய்தல் தகும் என்பது நம் கருத்து.

இனி, யந்திரத்தைப் பார்க்கும் முறை. மாடு வாங்கச் செல்பவர் பல்லையும் சுழியையும் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுவார். யந்திரத்துக்கும் அஃதே விதி. புதிதாக மை பூசியிருந்தால் மகிழவேண்டா. மையின் கீழ் வெடிப்பும் வெல்டிங் தழும்பும் மறைந்திருக்கலாம். வைக்கோலை வாரும் கம்பி விரல்களில் எத்தனை முறிந்துள்ளன என எண்ணுக. சங்கிலி தளர்ந்து பற்சில்லின் முனைகள் கூராகத் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்ற நேரும். உழவு யந்திரத்தை நிறுத்தித் திறப்பை எடுத்த பின், உருளைகளைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்ற ஒலி பெயாரிங் தேய்ந்ததற்கு அடையாளம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பாரம் மிகும்போது தானே முறிந்து ஏனைய பாகங்களைக் காக்கும்படி, மெதுவான இரும்பாலான போல்ற் ஒன்று பல யந்திரங்களில் அமைந்திருக்கும். அது அடிக்கடி முறிகின்றதென்று சிலர் கடினமான போல்ற்றை இட்டுவிடுவர். அவ்வாறு செய்திருந்தால், முறிய வேண்டியதற்குப் பதிலாக உள்ளே விலைமிக்க பற்சில்லு முறிந்திருத்தல் கூடும். நம்பிக்கையான திருத்துனர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வயலில் இறக்கிப் பத்துக் கட்டாவது கட்டிக் காட்டாத யந்திரத்துக்கு முற்பணம் கொடாதீர்கள். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் விலை பேசுமுன்னரே விசாரித்தறிக.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. மேற்கூறிய தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழல்வது. சாரத்தின் நுனியோ, சேலைத் தலைப்போ, பிள்ளையின் பின்னலோ அதிற் பட்டால், கையை இழுக்க எண்ணுமுன் எல்லாம் முடிந்துவிடும். அதனாலேயே அதன் மேல் ஒரு காப்புறை வைத்திருக்கின்றனர். பழைய யந்திரங்களில் முதலிற் காணாமற் போவது இவ்வுறையே. அது இல்லையாயின் அதன் விலையையும் கணக்கிற் சேர்த்து, பூட்டிய பின்னரே யந்திரத்தை வயலுக்குக் கொண்டுசெல்க. சிக்கிய வைக்கோலை யந்திரம் ஓடும்போது ஒருபோதும் இழுக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவரை வரம்புக்கு அப்பால் நிறுத்துவது பெற்றோர் கடன்.

மாணவர்க்கு ஒரு சொல். ஈர வைக்கோலைக் கட்டினால் அது சூடேறுவதேன்? அதிலுள்ள நுண்ணங்கிகள் சுவாசித்து வெப்பத்தை வெளிவிடுகின்றன. இறுகிய கட்டினுள் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. முதலிற் பங்கசு பிடிக்கும். பெரும் போரில் தீயே மூள்வதுமுண்டு. ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற் குறைந்த பின்னரே கட்டுதல் வேண்டும். தை, மாசி மாதங்களிற் பனி காய்ந்து வெயில் ஏறும்வரை பொறுத்திருத்தல் நன்று.

வயலிலுள்ள வைக்கோல் முழுவதையும் வாரிவிடவும் வேண்டா. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்திற் பெரும்பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது இதன் அருமையைப் பலர் உணர்ந்தனர். மாட்டுக்கு வேண்டியதை எடுத்து, எஞ்சியதை மண்ணுக்கே விடுங்கள். மாட்டுக்குப் போனதையும் எருவாக வயலுக்குத் திருப்புங்கள். வைக்கோலுக்கு யூரியாக் கரைசல் தெளித்துச் சத்தேற்றும் முறையைப் பிறிதொரு வாரம் நோக்குவோம்.