போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்

விருத்தாசலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லோரிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் செல்போனைத் திணித்து, யூடியூபில் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். கேட்டால், "கார்ட்டூன் இல்லைங்க, ஏபிசிடி வீடியோதான்" என்கிறோம். படிப்பு வீடியோ என்று பெயர் இருந்தால் பெற்றவர் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்று யார் சொன்னது?

2003இல் அமெரிக்காவில் பாட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். சில குழந்தைகளோடு சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து கொஞ்சினார்கள், புத்தகம் படித்தார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு டிவியில் ஓடியது. நேரில் கேட்டவை சீன ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கின. டிவி பார்த்தவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2010இல் ஜூடி டெலோச் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்கும் டிவிடியை நான்கு வாரம் போட்டுக் காட்டினார்கள். பெற்றோர் கூடவே இருந்து பார்த்தும் பெரிய பலன் இல்லை. அதிகம் கற்றவர்கள் யார் தெரியுமா? வீடியோவே பார்க்காமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே அதே சொற்களை அப்பா அம்மா சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். ஆக, பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலும் போதாது, வாய் திறந்து பேசவேண்டும்.

இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதற்குமேல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. நல்ல வீடியோவுக்கும் பஞ்சமில்லை. அதே ஆண்டு அரசே கல்வி தொலைக்காட்சி தொடங்கியது. பாடப்புத்தகத்தில் வீடியோவுக்கான கியூஆர் கோடு அச்சிட்டே வருகிறது. குறை நம்மிடம்தான்.

மண்பாண்டப் பட்டறைகள் உள்ள நம் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் செய்கிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வீடியோவில் ஒருவர் சக்கரம் சுற்றிப் பானை வனைகிறார் என்று வையுங்கள். அங்கே நிறுத்துங்கள். "நம்ம ஊர்ல அகல் இப்படியா செய்றாங்க?" என்று கேளுங்கள். பதில் தப்பாக வரட்டும், திருத்த அவசரப்படாதீர்கள். மறுநாள் தெரிந்தவர் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அச்சை ஒட்டி மண் கட்டியாகிறது, நடுவில் கூழ் அப்படியே நிற்கிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே குழிவாக ஒரு பொருள் நிற்கிறது. "ஏன் ஓரத்துல மட்டும் கெட்டியாச்சு?" என்று பிள்ளை கேட்கும். அச்சு தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று காட்டி, வெறும் அச்சின் மேல் ஒரு சொட்டு நீர் விடச் சொல்லுங்கள். அது உறிஞ்சுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, இரவு அதே வீடியோவைத் திரும்பப் போட்டால் சொல்லவும் கேட்கவும் நிறைய இருக்கும். மண் காய்ந்தபின் சுரண்டித் தேய்க்கும் இடத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அந்தத் தூசி சின்ன நெஞ்சுக்கு ஆகவே ஆகாது.

"எனக்குப் படிப்பில்லையே" என்று தயங்கும் அம்மாக்களைத்தான் நான் அதிகம் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மண் எப்போது விரிசல் விடும், சூளையை எப்போது பிரிக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்தது எந்த வீடியோவிலும் வராது. அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நேரமில்லையா? பத்து நிமிடம் கூட உட்கார்ந்து பேச முடியாத நாளில் போனையே எடுக்கவேண்டாம். சுட்டு ஆறிய அகல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வரிசைக்கு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.