கரையில் நின்றவருக்கும் பங்கோ?

வைத்திக்குப்பத்து மீனவரைக் கேளுங்கள். கடலுக்குச் சென்றவருக்குப் பங்குண்டு, படகுக்குப் பங்குண்டு, வலைக்கும் பங்குண்டு. அலையை அறியாது, வலையைத் தொடாது, கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் வந்து, "எனக்கும் பங்கு கொடு; படகைச் செலுத்துபவர் யார் என்பதையும் நானே முடிவு செய்வேன்" என்றால், குப்பம் கொதித்தெழாதா?

குப்பம் பொறுக்காத அந்தக் கொடுமையைப் புதுவைச் சட்டமன்றம் பொறுத்தது!

மக்கள் தேர்ந்தெடுப்போர் 30 பேர். அவர்களோடு, 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 பேர் வரை டில்லி நியமிக்கலாம். 2016 தேர்தலில் பாரதிய சனதாவுக்குப் புதுவை மக்கள் அளித்த இடம் எத்தனை? ஒன்றுகூட இல்லை! 2017 சூலையில் டில்லி அளித்த இடமோ மூன்று! மக்கள் கதவை மூடினர். டில்லி சன்னலைத் திறந்தது. அது செல்லும் என 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் கூறிற்று.

பிறகு, 2021 சனவரியிலும் பிப்ரவரியிலும் காங்கிரசார் ஐவர், தி.மு.க.வினர் ஒருவர் பதவி விலகினர். பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அமைச்சரவை வீழ்ந்தது. கணக்கைப் பாருங்கள்! ஆளும் அணி, சபாநாயகரையும் சேர்த்து 12, எதிரணி 14. அந்தப் பதினான்கில் நியமனம் பெற்ற மூவரைக் கழித்தால் மிஞ்சுவது 11. மக்கள் அனுப்பியவர் கணக்கில் பன்னிரண்டு பெரிதா, பதினொன்று பெரிதா? பள்ளிச் சிறுவனும் அறிவான். டில்லிக் கணக்குத்தான் வேறு!

அமெரிக்காவில் 2001இல் செனட் சபை ஐம்பதுக்கு ஐம்பது என நின்றது. ஜெஃபர்ட்ஸ் என்ற ஒருவர் தம் கட்சியை விட்டு விலகினார், பெரும்பான்மையே கைமாறிற்று. எனினும் அவர் மக்கள் வாக்கால் வந்தவர். அங்கே தராசு ஆடிற்று. இங்கே தராசுத் தட்டில் விரல் வைத்து அழுத்தினர்.

காங்கிரசார் கண்ணீர் வடிப்பது கண்டு இரங்கலாம்; ஆனால் அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது டில்லியில் ஆண்டது யார்? அவர்களன்றோ! தாம் தீட்டிய வாள் தம்மீதே பாய்ந்தது.

விலகியோரையும் விடுவதற்கில்லை. கட்சி தாவினால் பதவி பறிபோகும் என்பது 1985இல் வந்த சட்டம். தாவாமல், விலகி, கொடி மாற்றி, மீண்டும் நின்றால்? அதற்குத் தடையில்லை! அவ்வாறு நின்றோருள் சிலர் வென்றனர், அமைச்சருமாயினர். மாசி மகத்திற்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும் சாமிகள்கூடப் புறப்பட்ட கோயிலுக்கே திரும்புகின்றன. இவர்களுக்கோ கோயிலும் வேறு, கொடியும் வேறு!

பழியைப் பங்கிட்டது போதும், பரிகாரம் காண்போம். நியமன உறுப்பினர் பேசட்டும். ஆட்சியை ஆக்கவும் அழிக்கவும் வாக்களிக்கும் உரிமை அவருக்கு வேண்டா. இடையில் விலகியவர் அடுத்த பொதுத்தேர்தலில் நிற்கலாகாது. இவ்விரண்டையும் சட்டமாக்குக!

கடலில் உயிரைப் பணயம் வைப்பவன், வாக்குச் சாவடியில் வரிசையில் நிற்கிறான். அவன் விரலில் இட்ட மை காயுமுன் அவன் தீர்ப்பைத் திருத்த, கரையில் நின்ற மூவருக்கு ஏது உரிமை?