பினாங்கின் அஞ்சடி நிழலில்



மலேசியா சென்று திரும்பும் நம்மவர்களுள் பலர், "பினாங்கையும் பார்த்தோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். மேலும் கேட்டால், மலை இரயிலில் ஏறியதையும் கடற்கரை விடுதியில் தங்கியதையும் கூறுவர். 1923-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் அந்த மலை இரயில் காணத்தக்கதே. ஆயினும், மனம் இளைப்பாறுவதற்காகப் பயணம் மேற்கொள்வோர் நாட வேண்டிய இடம் வேறு. தீவின் கீழ்க்கரையில் உள்ள ஜார்ஜ் டவுன் என்னும் பழைய நகரமே அது.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் முதற் பாலம் 1985-இலும், இரண்டாவது பாலம் 2014-இலும் திறக்கப்பட்டன. விரைவு வேண்டுவோர் அவற்றில் செல்லட்டும். நீங்களோ பட்டர்வொர்த் துறையில் படகேறுங்கள். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும் பயணம்தான். எனினும் ஒரு தீவு நகரத்தைக் கடல்வழி அணுகும்போது கிட்டும் நிதானம் பாலத்தின் மீது கிட்டுவதில்லை. முதலில் மலை தெரியும். பின்னர் துறைமுகக் கட்டடங்கள். அதன் பின்னரே மனிதர்கள்.

நம் முன்னோரும் இவ்வாறே அந்நகரைக் கண்டனர். 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். 1786-இல் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் கடை விரித்துவிட்டனர். 'சூலியா' என்று பிறர் அவர்களை அழைத்த பெயரே இன்றும் ஒரு பெருந்தெருவின் பெயராக விளங்குகிறது. நம் இல்லங்களில் 'சபர்' என்ற சொல் வெறும் பயணத்தை மட்டுமா குறித்தது? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய கணவரின் கடிதத்திற்காகக் காத்திருந்த பெண்மக்களின் ஆண்டுகளையும் அன்றோ குறித்தது! அக்கப்பல் 1973-இல் ஓய்வு பெற்றது. அது ஏற்றிச் சென்றோர் நடந்த தெருக்கள் மட்டும் அப்படியே உள்ளன.

அத்தெருக்களை சுப்ஹு தொழுகைக்குப் பின் காண வேண்டும். கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வாருங்கள். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளி அது. இன்று நாம் காணும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. பெண்களுக்கும் அங்கே தொழுமிடம் உண்டு; ஆதலால் குடும்பத்துடன் செல்வோர் தயங்க வேண்டுவதில்லை. வெளியே கடைகள் இன்னும் திறந்திரா. கடைவீடுகளின் முகப்பில் தூண்கள் தாங்கிய நடைவழி ஒன்று தெரு நெடுகத் தொடர்ந்து செல்லும். ஐந்தடி அகலம் வேண்டுமென்று அந்நாளைய விதி வகுத்ததால், மலாய்காரர்கள் அதனைக் 'காக்கி லிமா' என்பர். அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்பர். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நடக்கலாம். ஒருவர் வீட்டு வாசலே ஊராரின் பாதையாகவும் அமைந்த இவ்வேற்பாட்டில் என்ன அழகு! பள்ளிவாசல் இருக்கும் அதே தெருவில் சீனர்களின் குவான் யின் ஆலயமும், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் நிற்கின்றன. அடுத்த தெருவில் மாரியம்மன் கோயில். பாங்கோசையும் மணியோசையும் ஊதுபத்தி மணமும் ஒரே காற்றில் கலந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன.

பசித்தால் நாசி கண்டார் உண்ணுங்கள். 'நாசி' சோறு, 'கண்டார்' தோளில் சுமக்கும் காவுதடி. ஒரு புறம் சோற்றையும் மறுபுறம் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு நம்மவர்கள் விற்ற உணவு அது. இன்று நாடே அதனைக் கொண்டாடுகிறது. பல குழம்புகளை ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று கூறுங்கள். வெள்ளம் என்று பொருள். (சோறு மூழ்கிவிடும், பின்னர் என்னைக் குறை கூறாதீர்கள்.)

அங்கிருந்து சிறிது தொலைவில் அச்சே தெரு. 1808-இல் அமைந்த அதன் பள்ளிவாசலைச் சுற்றி, கப்பல்வழி ஹஜ் பயணம் நடந்த காலம் முழுவதும் ஹாஜிகள் வந்து தங்கினர். 1970-களில் விமானம் கப்பலின் இடத்தைப் பிடித்தது. அதன்பின் அத்தெரு மௌனமாயிற்று. அந்த மௌனத்தில் சிறிது நேரம் அமர்ந்திருப்பது எவ்வளவோ நன்று.

ஆனால் நேயர்களே, மௌனங்கள் யாவும் ஒரே வகையின அல்ல. மக்கள் உறங்குவதால் தெரு அமைதியாயிருப்பது ஒன்று. மக்களே இல்லாமற் போனதால் அமைதியாவது மற்றொன்று. பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுற்றது. வாடகை உயர்ந்தது, தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரை விட்டு அகன்றன. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுரிமை நகரங்களாக அறிவித்தது. 2012-இல் சுவரோவியங்கள் தீட்டப்பட்டன. அவற்றின் முன் நின்று படமெடுப்போர் பெருகினர். கடலுக்குள் மரத்தூண்கள் மேல் சீனக் குலத்தார் வாழும் துறைகளுள், முஸ்லிம் மூதாதையர் வழிவந்த குவே குலத்தாரின் துறை 2006-இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. எத்தனையோ பேர் தேடிச் செல்லும் அந்த வசீகரம், அங்கே துணி உலர்த்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தவர்களால் உண்டானது. அவர்கள் போனபின் எஞ்சுவது முகப்பு மட்டுமே.

இங்கேதான் வக்ஃபின் அருமை விளங்குகிறது. கப்பித்தான் கெளிங் பள்ளிக்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. வக்ஃபு நிலத்தை விற்க இயலாது. ஆதலால் வணிகரின் பேரத்திற்கு அது எளிதில் இரையாவதில்லை. ஆயினும் வாடகைக்கு விடுவதில் யாருக்கு முன்னுரிமை என்பதைப் பரிபாலனம் செய்வோர்தாம் முடிவு செய்ய வேண்டும். அதிக வாடகை தரும் விடுதிக்கா, பழந்தொழில் செய்யும் எளியவருக்கா? பின்னவருக்கே என்பது என் துணிபு.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகும். ஏனைய மாதங்கள் ஏற்றவை. தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்கையில், அதன் அண்டை வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றனவா என்று பாருங்கள். அஸருக்குப் பின் சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவின் பக்கம் செல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கடலோடிகள் நாகூர் நாயகத்தின் நினைவாக எழுப்பியது அது. அருகிலுள்ள கடைகளில் ஸலாம் கூறித் தமிழில் பேச்சைத் தொடங்குங்கள். "எந்த ஊர்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.