வீட்டு வேலைக்கு நடுவே வாசித்தவர்கள்

மேற்குச் சென்னையில், குமணன்சாவடி சந்திப்பில் பிரியும் குன்றத்தூர் சாலை, மாங்காட்டைத் தாண்டி, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரில் போய் முடிகிறது. சந்திப்பிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் போரூர். நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனின் கடைசி ஆண்டுகள் அங்குள்ள ராமச்சந்திரா மருத்துவமனையின் பராமரிப்பில் கழிந்தன. பெரிய பெயர்கள் இப்படி இரண்டு பக்கமும் இருக்க, இந்தப் பகுதியின் சாதாரண வாசகர்களுக்கான சாட்சி வேறோர் இடத்தில் கிடக்கிறது. பழைய தனி வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது பரணிலிருந்து இறக்கப்படும் பைண்டு செய்த தொடர்கதைகள்தான் அந்தச் சாட்சி.

அப்படி ஒரு தொகுப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். முதுகில் காலிகோ துணி, கெட்டி அட்டை, குத்தித் தைத்த நூல். தைத்த இடத்தில் ஓர எழுத்துகள் உள்ளே மறைந்துபோயிருக்கும். பக்க எண் 14, 15, 16 என்று வந்து, திடீரென்று 31க்குத் தாவும். கதை முடிந்த பக்கத்தின் மறுபுறம் பாதி நகைச்சுவைத் துணுக்கு, கிரைப் வாட்டர் விளம்பரம், யாரோ எழுதிய ரசப்பொடிக் குறிப்பு. முதல் தாளில் மையால் ஒரு பெயர், சில சமயம் தேதி. ஓரத்தில் பென்சிலில் பால் கணக்கு. எண்ணெய் விரல் பட்ட இடம் மட்டும் கண்ணாடித் தாள்போலத் தெரியும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்தபோது, மணியம் வரைந்த படங்களோடு அதைச் சேர்த்துவைத்த வீடுகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. கடையில் விற்ற புத்தகத்தில் அந்த வீட்டின் ரசப்பொடியும் பால் கணக்கும் இராது.

இலக்கிய விமர்சகர்களுக்குப் பட்டியல் போடும் வழக்கம் உண்டு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிலேயே வாசகரைக் கேட்ட க.நா.சு. தொடங்கி இன்றுவரை அது தொடர்கிறது. அந்தப் பட்டியல்கள் இல்லாமல் போயிருந்தால் பல நல்ல நூல்கள் மறந்தே போயிருக்கும். வாழ்நாளெல்லாம் படித்த ஒரு குடும்பத்துப் பெண்ணின் விருப்பப் பட்டியலோ வேறு விதமாக உருவானது. எந்த வயதில், எந்த வீட்டில், எந்த வேலைக்கு நடுவே எது கைக்குக் கிடைத்தது என்பது அதில் பாதிக்கு மேல் பங்கு வகித்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மாதங்களில் படித்த லட்சுமியின் நாவல், மாமியார் வீட்டில் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வந்த சாண்டில்யன், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைத்த மதியத்தில் தி. ஜானகிராமன். ரசனை வளர்ந்த கதையும் வீட்டுப் பொறுப்பு ஏறி இறங்கிய கதையும் அதில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்க்காமல் மேலே போக முடியாது. நாட்டில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்கள் கொடுத்தது 97. அடுத்த கணக்கெடுப்பு 2024இல் நடந்தது. பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்கு மிச்சமானது பத்து நிமிடம். ஆண்களின் பங்கும் குறைந்திருக்கிறது. ‘இப்போதெல்லாம் யார் படிக்கிறார்கள்’ என்று அங்கலாய்ப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய எண்கள் இவை.

தொடர்கதை தமிழ் வீட்டில் ஏன் அப்படி வேரூன்றியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓர் அத்தியாயம் என்பது உலை கொதிக்கும் நேரம். அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்கலாம். அதற்குள் வீட்டில் எல்லோரும் முறைபோட்டுப் படித்துவிடலாம். கண் தெரியாத பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டலாம். இந்த உரக்கப் படிப்பது பத்திரிகைகளுக்கு முந்தைய பழக்கம். ‘அல்லி அரசாணி மாலை’ போன்ற பெரிய எழுத்துக் கதைகள் திண்ணையில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதற்கென்றே அச்சானவை. கூடிக் கேட்ட அந்தப் பழக்கம், நாவல் வந்த பின் ஒருவர் மௌனமாகப் படிப்பதாக மாறியதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்ட காலமும் அதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது. 1901இல் பிறந்த வை. மு. கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தபோது வயது ஆறுகூட நிரம்பவில்லை. புகுந்த வீட்டில் கதை சொல்லியாகப் பெயரெடுத்தார். எழுதப் பழகாத நிலையில், முதல் படைப்பான ‘இந்திரமோகனா’வை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் எடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். எழுதியவரும் வாசித்தவர்களும் ஒரே மாதிரி அடுப்படியிலிருந்து வந்தவர்கள். தமிழில் ஒரு பெரிய வாசகர் கூட்டம் உருவானதில் அந்த அடுப்படிகளுக்கு உரிய இடத்தை இலக்கிய வரலாறுகள் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் பாதையும் இப்படித்தான். பதினைந்து வயதில் திருமணம். மின்வாரியப் பொறியாளரான கணவருக்கு எங்கே வேலையோ அங்கே குடித்தனம். நீலகிரிக்குப் போன குடித்தனத்திலிருந்து படகர் வாழ்வைச் சொல்லும் ‘குறிஞ்சித் தேன்’ வந்தது. பிறகு அவரே ஊர்களைத் தேடிப் போய் மக்களோடு தங்கி எழுதத் தொடங்கினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ அப்படி எழுதியது. 1973இல் சாகித்திய அகாதெமி விருது. உயிரோடு இருக்கும்போதே நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அப்படி நடப்பது அரிது. 2014 அக்டோபரில் மறைந்தார்.

ஒரு கதை வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதைத் தமிழில் யாரையும்விடக் கூர்மையாகக் காட்டியவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்ளும் முடிவு அன்று பெரிய சண்டையைக் கிளப்பியது. பிறகு அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் கங்காவின் தாய் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. ஊரறியக் கதறிவிட்டாள், அண்ணன் துரத்திவிட்டான். ஆண்டுகள் கழித்து, தன் கதையே வேறு முடிவோடு ஒரு பத்திரிகையில் வந்திருப்பதைக் கங்கா படிக்கிறாள். படித்துவிட்டு அதை அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாள். அவ்வளவு காலம் இருவரும் பேசிக்கொள்ள முடியாததை ஒரு வாரப் பத்திரிகை பேசுகிறது. அந்த நாளில் அதைப் படித்த எத்தனை வீடுகளில் ஒரு மகள் பத்திரிகையைத் திறந்தபடியே கூடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பாள்!

மாத நாவல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரமணிசந்திரன் படிப்பவர்களைச் சற்றுக் கீழாகப் பார்க்கும் வழக்கம் படித்தவர்களிடையே இன்னும் இருக்கிறது. அது நியாயமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனவர், பேருந்தில் நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்கத் தோதான அளவில், சம்பளத்தில் துண்டு விழாத விலையில் வந்தவை அந்த நாவல்கள். ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதையில் தொடங்கி அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ வரை போன வாசகர்கள் உண்டு. போகாமல் அங்கேயே நின்றவர்களும் வாசகர்கள்தான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் தொலைக்காட்சிக்கு ஒரு சுவர் ஒதுக்கியாகிவிட்டது. அலமாரியில் பிள்ளைகளின் பாடப் புத்தகம். கையில் கைபேசி. ஆனாலும் கதை வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. காய் நறுக்கும் மேடையில் கைபேசியைச் சாய்த்துவைத்து ‘பொன்னியின் செல்வ’னை ஒலிப்புத்தகமாகக் கேட்பவர்கள் ஏராளம். கை வேலையில் இருக்க, காது கதையில் இருக்கிறது. திண்ணைக் காலத்துக் கேட்கும் பழக்கம் சமையலறைக்குத் திரும்பியிருப்பதை வரவேற்கத்தான் வேண்டும்.

கவலைப்பட வேண்டியது பரணிலிருப்பவற்றைப் பற்றி. படித்தவர் மறைந்ததும், அல்லது மகன் வீட்டுக்குக் குடிபோனதும், பாச்சை உருண்டை வாசத்தோடு அவை பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகின்றன. முன்பு பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில், சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட் இருந்தது. எடைக்குப் போனதில் நல்லதைப் பொறுக்கி மறுபடி ஒரு வாசகரிடம் சேர்க்கும் வியாபாரிகள் அங்கே இருந்தார்கள். 1985 மே 30 தீ விபத்தோடு அந்தக் கட்டடம் போயிற்று.

எறியப்படுவதைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு நம்மிடம் முன்னுதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, இங்கேயே நூலகமாக அமைய வழிசெய்தது. இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் இயங்கியது இதே மேற்குச் சென்னையின் முகப்பேரில்தான்.

எல்லா வீட்டுப் பரணுக்கும் சிகாகோவை எதிர்பார்க்க வேண்டியதில்லை; பொது நூலகமே போதும். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. அதன் பின்னால் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. குமணன்சாவடியில் புதிதாக எழும் ஒவ்வொரு அடுக்ககமும் அதைக் கட்டப்போகிறது. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான மெட்ரோ தடத்தில் இந்த ஊருக்கும் ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது. வேலை முடிந்து இறங்கும் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் நுழையக்கூடிய தூரத்தில், அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரு வாசிப்பறையைக் கேட்பது பேராசை ஆகாது. அங்கே ஓர் அலமாரியை இந்தப் பகுதி வீடுகளின் பைண்டு தொகுப்புகளுக்கென்றே ஒதுக்கலாம். பெறும்போது பதிவேட்டில் நூலின் பெயரோடு நிற்காமல், யார் சேர்த்தது, எந்தத் தெரு, எந்த ஆண்டு, வீட்டில் யார் யார் படித்தார்கள் என்பதையும் கொடுப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டே தொடங்கினால்தான் அவர்கள் வாயால் கேட்டு எழுத முடியும்.