மார்புப் பாரமும் தலையெழுத்தும்

காவாந்தண்டலம் போன்ற ஊர்களிலே, அளவுக்கு மீறிய மார்புப் பாரத்தோடு குனிந்து நாற்று நடும் பெண்கள் உண்டு. கழுத்து வலி, முதுகு வலி, மார்பின் அடியில் வேர்வைப் புண். வெளியில் சொல்ல வெட்கம். சொன்னாலோ, "ஆண்டவன் படைப்பு, தலையெழுத்து" என்று உபதேசம்! ஆண்டவன் படைப்பென்று கண் புரையை எந்த பக்தராவது அறுக்காமல் விட்டு வைக்கின்றாரா என்று கேட்கின்றோம்.

மார்பைச் சிறிதாக்கும் சிகிச்சை பணக்காரர் அலங்காரமல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ம் வருஷம் ஏழைகளுக்கு இலவசமாக மார்புச் சீரமைப்புப் பிரிவே திறக்கப்பட்டது.

ஆனால் விஷயம் தெரிந்தே போக வேண்டும். டாக்டர்கள் மயக்க மருந்து கொடுத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், மிகுதியான சதை, கொழுப்பு, தோலை நீக்கி, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். இரண்டு வாரமாவது ஓய்வு வேண்டும். சுமார் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தழும்பு மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். பின்னால் தாய்ப்பாலும் குறையலாம். இவைகளை மறைத்து அற்புதம் பேசுகிறவன் பூசாரிக்கு இளைத்தவனல்ல.

ஆதலால் தோழர்களே! இலாப நஷ்டத்தைச் சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டியவர் புருஷனுமல்ல, மாமியாருமல்ல, ஜோசியனுமல்ல. பாரத்தைச் சுமக்கின்ற அந்தப் பெண்ணேயாகும்.